கம்பியில் நிற்கும் கண்ணிகள்

இரும்புலியூர்,
13-10-68

கர்த்தருக்குள் அன்பான யூனிஸ் அக்காவுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அப்பா சுகம். சமையலறைப் பல்லியும் சுகம். நீ கல்யாணமாகிப் போன பிறகு அதற்குத் தைரியம் வந்து பகலிலேயே உலாத்துகிறது. அங்கே நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்பது நீ எழுதும் நாலு வரியிலிருந்து தெரியவில்லை. இன்லேண்டு லெட்டரில் மூன்று பக்கம் உண்டு அக்கா. அம்பாலாவிலிருந்து தாம்பரம் வரைக்கும் வெறும் காகிதத்தைச் சுமந்து வருகிற தபால்காரர்கள்மேல் இரக்கம் காட்டு.

பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் மாதுளம்பழ நிறத்தில் கம்பளி நூல்! வெளியே மழை வருவேனா மாட்டேனா என்று புழுங்கிக்கொண்டிருக்கிறது. பாத்திரம் தேய்க்க வந்த கன்னியம்மா ஒரு உருண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, உங்க அக்கா ஆட்டுக்குட்டிய சுருட்டி அனுப்பிச்சிருக்குது?" என்றாள். ஆமாம், மீதி ஆடு அடுத்த பார்சலில் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பிவிட்டாள் என்றுதான் தோன்றுகிறது. தழை கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

கை சும்மா இருந்தால் என் வாய் ஊரை வம்புக்கு இழுக்கும் என்றும், குரோஷா தெரிந்தவளுக்கு நிட்டிங் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். முதல் பாதி வேதவாக்கு. இரண்டாம் பாதி பொய். ஒன்றும் தெரியாதவள் சொன்னபடி செய்வாள். எனக்கோ, நான் யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டு தனக்குத் தெரிந்ததைச் செய்துவிடுகிறது. குரோஷா ஊசிபோல இந்த ஊசியின் முனையிலும் கொக்கி இருக்கும் என்று நினைத்து நூலைக் கொத்தி இழுக்கிறேன். கொக்கி எங்கே இருக்கிறது? நூல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

உங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சர்தார் வீட்டம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்து, நீ எனக்கு எழுத, நான் தனியாக உட்கார்ந்து பின்ன! நேர்ப் பின்னலுக்கு ஸீதா, திருப்பிப் போடுவதற்கு உல்டா என்று எழுதியிருக்கிறாய். உல்டாவை மெட்ராஸ்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம், அதில் நாங்கள் பிறவி நிபுணர்கள். இந்த ஸீதாதான் வசப்படமாட்டேன் என்கிறாள்.

இரண்டு நீள ஊசி வேண்டும் என்று எழுதிவிட்டு ஊசியை வைக்க மறந்துவிட்டாயே, மகாராணி. தாம்பரம் பஜாரில் கேட்டேன். கடைக்காரர் கோணி தைக்கும் ஊசியை எடுத்து நீட்டினார். ஆகவே அப்பாவின் சைக்கிள் பின்சக்கரத்திலிருந்து இரண்டு கம்பி எனக்காக ராஜினாமா செய்தன. குறடால் கழற்றி, துவைக்கிற கல்லில் முனையைத் தேய்த்துக்கொண்டேன். ஒரு முனை வளைந்திருப்பதால் கண்ணிகள் அந்தப் பக்கம் விழாது. யாருக்கு வரும் இந்த மூளை?

மறுநாள் அப்பா டூட்டிக்குக் கிளம்பும்போது சக்கரம் கள் குடித்ததுபோல ஆடியது. இறங்கி உட்கார்ந்து கம்பி எண்ணினார். ரயில்வே கார்டு வேதசிரோமணி கம்பி எண்ணுகிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லலாமா என்று யோசித்தேன். "ரெண்டு கம்பி காணோம்" என்றார். "கம்பி நீட்டிட்டிருக்கும்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஏறிப் போய்விட்டார். நீ இருந்திருந்தால் சமையலறையிலிருந்து சிரித்திருப்பாய். அப்பா கம்பி அளித்ததால்தான் அதற்குக் கம்பளி என்று பெயர் வந்தது என்ற என் ஆராய்ச்சி முடிவையும் கேட்க ஆளில்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

இப்போது சோகக் கதை. எப்படியோ ஒரு சாண் பின்னிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். குரோஷாவில் நாம் என்ன செய்வோம்? கடைசிக் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டு ஊசியை உருவிக்கொண்டு, துணியைச் சுருட்டிப் பையில் போடுவோம். கை அதையே செய்தது. கம்பியை உருவி பென்சில் டப்பாவில் வைத்தேன், பின்னலை சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் எடுத்தால் ஒரு சாண், நாலு விரலாகியிருந்தது. மீதியெல்லாம் சுருள் சுருளாக நூல். வகுப்பே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கிறது. மற்றதெல்லாம் முடிந்து போனது. அதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். இதில் ஒரு வரிசை கண்ணியும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கம்பியை எடுத்தால் எல்லாம் போச்சு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பரவாயில்லை. மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். உனக்குத்தான் ஸ்வெட்டர். அந்தப் பக்கத்து நூல் தாம்பரத்தில் வளர்ந்து அந்தப் பக்கமே திரும்பி வரப்போகிறது. நூலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போக லீவு கேட்க வேண்டியதில்லை பார்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறீர்கள் அல்லவா? அத்தானுக்கு என் வணக்கம். மூன்று பக்கமும் எழுது.

உன் வாலு,
ஹில்டா


இரும்புலியூர்,
8-12-68

அன்பான அக்காவுக்கு,

லீவு கிடைக்கவில்லை என்ற உன் கடிதம் கிடைத்தது. ஏர்போர்ஸ் லீவு கொடுக்காவிட்டால் அத்தான் என்ன செய்வார் பாவம். எனக்கு வருத்தமே இல்லை. உனக்காக வாங்கி வைத்த பேரீச்சம்பழத்தை நானே தின்றுகொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் உன் பெயரைச் சொல்லித் தின்பதால் புண்ணியம் உனக்கு, வயிற்றுவலி எனக்கு.

மழை இந்த வருஷம் போதும் போதும் என்று பெய்து ஓய்ந்தது. முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சக்கரம் ஆடினாலும் ஓடுகிறது. புதுக் கம்பி போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம் சொல்ல நீ வேண்டும்.

கண்ணிகள் அவிழாமல் வெள்ளை நூல் கோத்து மாதிரிக்கு ஒரு துண்டு அனுப்பினேனே, அதைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாய்: ஏன் இவ்வளவு இறுக்கம், கயிற்றுக்கட்டில் மாதிரி இருக்கிறதே என்று. இதைப் பின்னிய பெண் பின்னும்போது யாரோடும் பேசுவதில்லை போலிருக்கிறது என்று சர்தார் வீட்டம்மா சொன்னார்களாம். பேசிக்கொண்டே பின்னினால் கை தானாக இளகுமாம்.

அம்மணிக்கு என் பதிலைச் சொல். சைக்கிள் கம்பி ஒல்லி. ஒல்லிக் கம்பியில் பின்னினால் இறுக்கமாகத்தான் வரும்.

அதோடு, யாரோடு பேச? கன்னியம்மா இருக்கிற அரை மணி நேரமும் அவள்தான் பேசுவாள். ரேடியோ பேசும், கேட்காது. அப்பா கேட்பார், பேசமாட்டார். இரண்டையும் ஒட்டவைத்தால் ஒரு முழு மனிதர் கிடைப்பார் என்று பார்க்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசல் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறேன். பைத்தியம் என்று நினைக்காதே. பல்லிக்கு ஒரு மரியாதை.

குரோஷாவை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. தண்ணீர்ச் செம்புக்கு மணி வைத்த மூடி, ரேடியோவுக்குப் புது விரிப்பு, அலாரம் கடிகாரத்துக்குத் தொப்பி எல்லாம் போட்டாயிற்று. வீட்டில் மூட வேறொன்றும் இல்லாததால் அப்பாவின் விசிலுக்கு ஒரு சட்டை பின்னினேன். பச்சை நூல், கழுத்தில் ஜாலர். தூங்கும்போது மாட்டிவிட்டேன். காலையில் எப்படியும் ஒரு சத்தம் கேட்கும் என்று கட்டிலில் படுத்தபடி காத்திருந்தேன். அவர் பேசாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒருநாள் தாம்பரம் பிளாட்பாரத்தில் பார்க்கிறேன், சட்டையோடுதான் ஊதுகிறார். சட்டை போட்ட விசிலுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கூட இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அவர் கழற்றவில்லை.

குறும்பு செய்ய இரண்டு பேர் வேண்டும் அக்கா. செய்ய ஒருத்தி, கோபித்துக்கொள்ள ஒருத்தி. தனியாகச் செய்தால் அதற்குப் பெயர் வீட்டுவேலை.

நீ எழுதிய யோசனை பலித்தது. விழுந்த கண்ணியைக் கம்பியால் பிடிக்கப் போகாதே, குரோஷா ஊசியை எடு என்று எழுதினாயே, அது. நடுவில் ஒரு கண்ணி நழுவி அடிவரைக்கும் ஏணி மாதிரி இறங்கிவிட்டது. நீ இங்கே விட்டுப்போன குரோஷா ஊசியை உள்ளே நுழைத்தேன். ஒரு படி, இன்னொரு படி என்று கொக்கி அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து கம்பியில் உட்காரவைத்தது. விழுந்த இடம் தெரியவில்லை. பழைய வித்தை தெரிந்திருப்பது புது வித்தைக்கு இடைஞ்சல் என்று எழுதினேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விழுந்ததைத் தூக்க மட்டும் பழையதுதான் வேண்டியிருக்கிறது.

சோர்வாக இருக்கிறது, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாய். சீரகம் போட்டுக் காய்ச்சிக் குடி. சிரிக்காதே, நீதான் எனக்குச் சொன்னது. அம்மா போன பிறகு நமக்கு வந்த எல்லா வியாதிக்கும் நீ சீரகம்தானே கொடுத்தாய்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கூட்டம் நம் வீட்டுக்கு வரும்போது இந்த வருஷம் கேக்கைக் கொடுப்பவள் நான். உன் பச்சைப் புடவையைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். கேட்கவில்லை, சொல்கிறேன்.

உன் வாலு,
ஹில்டா


இரும்புலியூர்,
16-2-69

என் அன்பான அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை குறைவாக இருக்கும். இருந்தாலும் கடைசிவரை படி.

உன் மாமியார் வந்திருந்தார்கள். சைதாப்பேட்டையில் ஏதோ கல்யாணமாம், நாகர்கோவிலிலிருந்து வந்தவர்கள் அப்படியே நம்மையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. ஒரு டப்பா முந்திரிக்கொத்து. அப்பா அன்று வீட்டில் இருந்தார். நான் உன் பச்சைப் புடவையில் டீ கொண்டு வைத்தேன். டீயில் உப்புப் போடவில்லை; என் கட்டுப்பாட்டை நீ மெச்ச வேண்டும்.

உன் மாமியார் ரத்தினபாய் அம்மாளுக்கு வீட்டிலுள்ள குரோஷாவெல்லாம் ரொம்பப் பிடித்துவிட்டது. ரேடியோ விரிப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்கள். அவர்கள் ஊரில் பல் முளைக்கிறதுக்கு முன்னால் குரோஷா ஊசி கொடுத்துவிடுவார்களாம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்கள்: "யூனிஸுக்கு ஜூன்ல பேறுகாலம். முதப்பேறு தாய்வீட்டுலதான், முறை தெரியாம இல்ல. ஆனா இந்த வீட்டுல பொம்பளைண்ணு யாரு இருக்கா? அதனால எங்க வீட்டுலயே பாத்துக்கிடுவோம்."

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது அக்கா.

அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று அவர் டீயைக் கீழே வைத்த விதத்தில் புரிந்தது.

"நான் இருக்கேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். உன் மாமியார் சிரித்துவிட்டார்கள். "நீயா பிள்ளே? விசிலுக்குச் சட்டை போட்ட பிள்ளைதானே நீ? யூனிஸ் எழுதியிருந்தா." கெட்ட சிரிப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்ட சிரிப்பாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

என்ன செய்வதென்று தெரியாமல், உன் ஸ்வெட்டரை எடுத்துவந்து மடியில் வைத்தேன். முன்பக்கம் அக்குள்வரை வந்திருந்தது. நான் விளையாட்டுப் பிள்ளை இல்லை என்று அதுவாவது சொல்லட்டும் என்று. அவர்கள் கம்பளியைத் தடவிப் பார்த்தார்கள். "என்ன பிள்ளே இது, சைக்கிள் கம்பியா?" என்று கேட்டுக்கொண்டே, ஊசியைப் பார்ப்பதற்காக, குரோஷாக்காரி எவளும் செய்கிறபடி, கம்பியைச் சர்ரென்று உருவிவிட்டார்கள். பின்னலை வெளிச்சத்தில் பிடித்து ஒரு உதறு உதறினார்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதைப் பார்த்த பிறகுதான், "அய்யோ, இது நிக்காதா?" என்றார்கள்.

பழைய ஹில்டாவாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு நாடகமே நடத்தியிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. கை வந்தது. பின்னலைத் தரையில் பாயில் விரித்தேன். நின்ற கண்ணிகளை முதலில் கம்பியில் ஏற்றினேன். ஓடிப்போனவற்றை உன் குரோஷா ஊசியால் தேடிப் பிடித்து, ஏணி ஏணியாக மேலே கொண்டு வந்தேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நடுவில் பார்த்தால் உன் மாமியார் நாற்காலியிலிருந்து இறங்கி என் எதிரே தரையில் உட்கார்ந்து, பின்னல் இழுபடாமல் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்ணியை நான் விட்டுவிட்டேன். "அந்தா ஒண்ணு கெடக்கு" என்று காட்டினார்கள்.

முடிந்ததும் விரலால் தடவி, விழுந்த இடத்தைத் தேடினார்கள். பிறகு என் கையைத் தடவினார்கள்.

கேட்டருகே அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "நான் ஒண்ணும் முடிவாச் சொல்லல. எங்க இருக்கணும்ணு யூனிஸே எழுதட்டும். அவ எழுதுகபடி செய்வோம்."

ஆக, இப்போது எல்லாம் உன் பேனாவில் இருக்கிறது.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை, இவள் குதித்துக் கூத்தாடிக் கோட்டை விடுவாள் என்று நினைத்திருப்பாய். இல்லாவிட்டால், சொன்னால் வா என்பாள், வர முடியாது என்று எப்படி எழுதுவது என்று நினைத்திருப்பாய். நாலு வரியில் அது அடங்காதுதான். நான்தான் மக்கு. மூன்று பக்கம் எழுது எழுது என்று உன்னைத் தொந்தரவு செய்தேன்.

நான் பார்த்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். பரீட்சை மார்ச்சோடு முடிகிறது. அதன் பிறகு நான் வீட்டில்தான். கன்னியம்மா ஐந்து பெற்றவள், ராத்திரியும் வந்து படுத்துக்கொள்கிறேன் என்கிறாள். "நானு கீறேன் பாப்பா, நீ இன்னாத்துக்கு பேஜாராவுறே?" என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு இந்த ஊரில் பஞ்சமா? டாக்டரம்மா வீடு நடந்து போகிற தூரம். குழந்தையைக் குளிப்பாட்ட எனக்குத் தெரியாது. பின்னவும்தான் தெரியாமல் இருந்தது.

அப்பா அன்று சாயங்காலம் உன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். மறுநாள் சாப்பிடும்போது அவராகவே, "ஜூன் மாசம் பகல் டூட்டி கேட்டிருக்கேன்" என்றார். அக்கா, இவ்வளவு நீளமாக அப்பா பேசி நான் கேட்டதில்லை. அதற்கு மட்டும் அர்த்தம் சொல்ல நீ வேண்டியிருக்கவில்லை.

உன் ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டேன். அத்தனை பாடுபட்டுத் தூக்கிய கண்ணிகளை நானே இழுத்துப் பிரித்தேன், சந்தோஷமாக. அதே நூலில் சின்னதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். ஜூன் மாதம் தாம்பரத்தில் பிறக்கிற பிள்ளைக்குக் கம்பளிச் சட்டையா, வெந்துபோகும் என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். அது அம்பாலாவுக்குத் திரும்பிப் போகும்போது போட்டுக்கொள்ள. இப்போது பின்னும்போது அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டே பின்னுகிறேன். உன்னைப் பற்றி நிறையக் கோள் மூட்டியாயிற்று. சர்தார் வீட்டம்மா சொன்னது சரிதான், கை இளகியிருக்கிறது. கம்பி அதே கம்பிதான்.

முதுகுப் பக்கம் கழுத்துவரை வந்துவிட்டது. கடைசி வரிசையை எப்படி மூடுவது என்று நீ இதுவரை எழுதவில்லை. குரோஷா ஊசியால் ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்து மூடிவிடலாம், ஒரு மாதிரித் துண்டில் செய்து பார்த்தேன், வருகிறது. ஆனால் இதில் செய்யமாட்டேன். கண்ணிகள் எல்லாம் அப்படியே கம்பியில் நிற்கின்றன. முனையில் ஒரு கார்க்கைச் செருகி, யார் கையும் படாமல் உன் கட்டிலுக்குமேல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். மூடுவது எப்படி என்று தயவுசெய்து கடிதத்தில் எழுதாதே. வந்து காட்டு.

பதில் நாலு வரி போதும் அக்கா. ஒரு வரியானாலும் போதும்.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம் கையிலிருந்து நழுவவிடாமல் காப்பாராக. ஏப்ரலிலிருந்து நான் பூட்டிய கதவைத் தட்டாமல், திறந்திருக்கிற கதவைத் தட்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
ஹில்டா